தலை எண்ணினால் மட்டும் போதாது: சிறு காடுகளில் பரம்பரைப் பல்வகைமை தேய்வது எப்படி?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சிறுத்தை நடமாடுகிறது என்ற செய்தி வந்தால் பேச்சு உடனே எண்ணிக்கைக்குப் போய்விடும். “காட்டில் பெருகிவிட்டது, அதனால்தான் லயம் வரைக்கும் வருகிறது” என்பார் ஒருவர்; “இருப்பதே கொஞ்சம், அதையும் சுருக்குக் கம்பி வைத்துக் கொல்கிறார்கள்” என்பார் இன்னொருவர். இருவருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மொத்தம் எத்தனை? பாதுகாப்புப் பிறப்புரிமையியல் என்ற துறை இந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. இருக்கிற விலங்குகளில் எத்தனை உண்மையில் குட்டி ஈன்று அடுத்த தலைமுறைக்குப் பங்களிக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு, பக்கத்துக் காட்டிலிருந்து புதிய விலங்குகள் வந்து சேர்கின்றனவா என்பவற்றையும் அது விசாரிக்கிறது. பல்கலைக்கழகங்களின் கூர்ப்பு உயிரியல் ஆய்வுகூடங்களில் நடக்கும் வேலையின் பெரும் பகுதி இந்த விசாரணைதான். ஆனால் டி.என்.ஏ. ஆய்வு என்றவுடன் கொலை வழக்கையோ தந்தை யார் என்ற பரிசோதனையையோ நினைப்பவர்களே நம்மில் அதிகம். காட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

விதைத் தேயிலையும் வி.பி. தேயிலையும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். பழைய விதைத் தேயிலை மலையொன்றில் நின்று கவனித்தால் பக்கத்துப் பக்கத்துச் செடிகளே ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் இலை அகன்று வெளுத்திருக்கும். அடுத்தது சிறுத்துக் கருத்திருக்கும். ஒன்று முந்திக் கொழுந்து விடும். இன்னொன்று பல நாள் பிந்தித்தான் துளிர்க்கும். தேயிலைப் பூ பெரும்பாலும் தன் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு செடியின் மகரந்தம் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு செடிகளின் புதிய கலவை.

வி.பி. மலை, அதாவது விதையில்லாமல் துண்டு ஊன்றிப் பெருக்கிய தேயிலை நிற்கும் மலை, அப்படியல்ல. நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து வெட்டிய ஒற்றை இலைத் துண்டுகளைத் தவறணை எனப்படும் நாற்றுமேடையில் பைகளில் ஊன்றி, வேர் பிடித்தபின் கொண்டுவந்து நட்டவை அந்தச் செடிகள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்ற இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு தாய்ச்செடியின் வழியைக் குறிக்கின்றன. அந்த மலையில் பத்தாயிரம் செடி நின்றாலும் பரம்பரைக் கணக்கில் நிற்பது ஒரே செடிதான். விளைச்சலுக்கும் தரத்துக்கும் இது வசதி. ஆனால் ஒரு நோயைத் தாங்கும் திறன் அந்தத் தாய்ச்செடிக்கு இல்லையென்றால் மலை முழுவதிலும் எந்தச் செடிக்கும் இல்லை. (வறட்சியை விதைத் தேயிலை தாங்குவதையும் இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அதில் ஆணிவேரின் பங்கு பெரிது என்பதால் அந்த உதாரணத்தை இங்கே நான் எடுக்கவில்லை.)

ஒரேமாதிரியான செடிகளை நம்பியதன் விலையை மலையகம் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அரபிக்கா கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. உலகத் தோட்டங்களுக்குப் பரவியதும் மிகச் சில செடிகளின் வழித்தோன்றல்களே. அந்தப் பூஞ்சணத்தை எதிர்க்கும் செடிகள் போதிய அளவு இல்லாத மலைகளில் அது தங்குதடையின்றிப் பரவியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் படுத்துவிட, அதன் இடத்தில் தேயிலை ஏறியது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எண்ணிக்கையும் வேறுபாடும் வெவ்வேறு விடயங்கள். எண்ணிக்கை பெருகியிருக்கும்போதே வேறுபாடு மிகக் குறைவாக இருக்கலாம்.

ஒரு கருஞ்சிறுத்தையை வைத்துச் சில சொற்கள்

2020 மே மாதம், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மீட்டுச் சிகிச்சை அளித்தும் அது சில நாட்களில் இறந்துவிட்டது. அப்போது பலரும் அதை வேறோர் இனமாகவே பேசினார்கள். கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. புள்ளிச் சிறுத்தைகளுக்கே பிறக்கும் குட்டி அது. எப்படி என்று பார்த்தால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

உயிரினத்தின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அந்த இழையில் ஓர் இயல்புக்கான அறிவுறுத்தலைத் தாங்கிய பகுதிக்குப் பரம்பரையலகு என்று பெயர். ஒரே பரம்பரையலகு சிற்சில மாற்றங்களுடன் பல வடிவங்களில் இருக்கலாம். அந்த வடிவங்களை எதிருருக்கள் என்கிறோம். ஒவ்வொரு சிறுத்தையும் ஒவ்வொரு பரம்பரையலகிலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. சிறுத்தைகளில் கருநிறத்தைத் தரும் எதிருரு பின்னிடைவானது. அதாவது, இரண்டு பிரதிகளும் அதுவாகவே இருந்தால்தான் தோல் கறுக்கும். ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் விலங்கு மற்றவற்றைப் போலவே புள்ளிகளுடன் திரியும். அதைக் காவி என்பார்கள். இரண்டு காவிகள் இணைந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் கறுப்பாக இருப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஒரே பகுதியில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஓரின விலங்குகளின் கூட்டத்துக்குக் குடித்தொகை என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குள் எத்தனை விதமான எதிருருக்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதே பரம்பரைப் பல்வகைமை. ஒரு காட்டில் எத்தனை இனங்கள் உண்டு என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நூறு இனங்கள் வாழும் காட்டில் ஒவ்வோர் இனமும் உள்ளுக்குள் வறண்டு போயிருக்கலாம்.

தோலின் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. நோய் எதிர்ப்பு, சமிபாடு, குளிரைத் தாங்கும் திறன் என்பவற்றுக்கான எதிருருக்கள் தெரிவதில்லை. அதனால்தான் ஆய்வுகூடம் தேவைப்படுகிறது.

நல்லது தங்கும் என்ற நம்பிக்கை

பாடசாலையில் இயற்கைத் தேர்வைப் படித்தவர்கள் பலரிடமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நன்மை தரும் எதிருரு எப்படியும் நிலைத்துவிடும், தீமை தருவது தானே ஒழிந்துவிடும். பெரிய குடித்தொகையில் இது பெரும்பாலும் சரி. சிறியதில் அப்படி நம்பமுடியாது.

தேயிலை சூழ்ந்த ஒரு காட்டுத் துண்டில் இருபது பெண் புதர்த்தவளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலங்கையின் புதர்த்தவளைகள் நீரில் முட்டையிடுவதில்லை. அவற்றுக்கு வாற்பேய்ப் பருவமும் கிடையாது. ஈரலிப்பான மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து முழு உருவத் தவளைக்குஞ்சே வெளியே வரும். இருபதில் இரண்டு தவளைகளிடம் மட்டும் ஒரு பூஞ்சண நோயைத் தாங்கும் எதிருரு இருக்கிறது. அந்த இரண்டும் முட்டையிட்ட சரிவு ஐப்பசி மழையில் சரிந்து போகிறது. அவை பலவீனமானவை என்பதால் அழியவில்லை. அந்தச் சரிவில் இருந்ததால் அழிந்தன. நோய் வருவதற்கு முன்பே மருந்து தொலைந்துவிட்டது. அதே காட்டில் இரண்டாயிரம் தவளைகளும் அவற்றில் இருநூறு காவிகளும் இருந்திருந்தால், ஒரு மண்சரிவு அந்த எதிருருவைத் துடைத்தெறிந்திருக்க முடியாது.

எதிருருக்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை இப்படி வெறும் தற்செயலால் ஏறி இறங்குவதற்குப் பிறப்புரிமையியல் நகர்வு என்று பெயர். குடித்தொகை சிறுக்கச் சிறுக்க நகர்வின் கை ஓங்கும். தேர்வின் கை தாழும். தொலைந்த எதிருருவை ஈடுசெய்ய இரண்டே வழிகள் உண்டு. ஒன்று விகாரம், அதாவது டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது புதிதாக நேரும் மாற்றம். அது மிக மெதுவானது, வேண்டிய மாற்றம் வேண்டிய நேரத்தில் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. மற்றது, வேறு குடித்தொகையிலிருந்து ஒரு விலங்கு வந்து இணைவது. “தேவை வந்தால் விலங்குகள் இசைவாக்கம் அடைந்துவிடும்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள். இசைவாக்கத்துக்கு மூலப்பொருள் வேண்டும்; ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுதான் அந்த மூலப்பொருள்.

மலையகக் காடுகள் 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் துண்டாடப்பட்டவை. அதன்பின் கழிந்த ஏறத்தாழ 150 ஆண்டுகள் எல்லா விலங்குகளுக்கும் ஒரே நீளமல்ல. சிறுத்தைக்கு அது ஏறத்தாழ இருபது தலைமுறை. ஓரிரு ஆண்டுகளிலேயே இனம்பெருக்கத் தொடங்கும் சிறு தவளைக்கு அதைப்போலப் பல மடங்கு. நகர்வு தலைமுறைகளில் எண்ணப்படுவதால், ஒரே காட்டுத் துண்டில் தவளை இழந்தது சிறுத்தை இழந்ததைவிட மிக அதிகமாக இருக்கலாம்.

உறவுக்குள் இணைதல்

சிறிய குடித்தொகையில் இன்னொரு சிக்கலும் வரும். சில தலைமுறைகள் கழிந்தபின் யாரோடு இணைந்தாலும் அது உறவாகவே இருக்கும். நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் இனப்பெருக்கம் அகவிருத்தி எனப்படும். அகவிருத்தி புதிய கெடுதலை உண்டாக்குகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அது எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மறைந்திருப்பதை வெளிக்கொண்டு வருகிறது. தீங்கான பின்னிடைவு எதிருருக்களில் சில ஏறத்தாழ எல்லா விலங்குகளிடமும் ஒற்றைப் பிரதியாக, வெளியே தெரியாமல் கிடக்கின்றன. உறவினர்கள் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே எதிருருவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களின் குட்டியில் இரண்டு பிரதிகளும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ரோயல் என்ற தீவு இருக்கிறது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உறைந்த ஏரியைக் கடந்து ஓநாய்கள் சில அங்கே சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களில் முதுகெலும்புக் குறைபாடுகள் பெருகின. 2016 இல் அந்தத் தீவில் எஞ்சியவை இரண்டே ஓநாய்கள். அவை தந்தையும் மகளும். அதோடு, ஒரே தாய்க்குப் பிறந்தவையும்கூட. வேட்டையாடப் போதிய இரை அந்தத் தீவில் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

சுருக்கிச் சொன்னால், நகர்வு நல்ல எதிருருக்களைத் தொலைக்கிறது, அகவிருத்தி கெட்டவற்றை வெளியே கொண்டுவருகிறது. இரண்டுக்கும் மூலம் குடித்தொகை சிறுத்துத் தனிமைப்படுவதே.

ஐம்பது எப்போது நான்காகும்?

ஒரு காட்டில் 50 மரைகள் இருக்கின்றன என்று வைப்போம். அவற்றில் 25 ஆண், 25 பெண் எல்லாமே சமமாக இனம்பெருக்கினால் பரம்பரைக் கணக்கிலும் அவை 50 தான். அந்த 50 இல் ஒன்று மட்டும் ஆணாக இருந்து, அந்த ஒரேயொரு கடா மற்ற 49 பெண்களோடும் இணைந்தால்? அடுத்த தலைமுறையின் பாதிப் பிரதிகள் ஒரே விலங்கிடமிருந்து வரும். இதைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: இனம்பெருக்கும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். 5 ஆணும் 45 பெண்ணும் என்றால் விடை 18. ஒரு ஆணும் 49 பெண்ணும் என்றால் விடை 4 கூட வராது. இந்த விடைக்குப் பயனுறு குடித்தொகைப் பருமன் என்று பெயர்.

வேறுபாடு தேயும் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான். பயனுறு பருமன் 50 ஆக இருந்தால், ஒரு விலங்கின் இரண்டு பிரதிகள் வெவ்வேறாக இருக்கும் நிலை தலைமுறைக்கு 1 சதவீதம் குறையும்; பத்துத் தலைமுறையில் 90 சதவீதம் மிஞ்சும். பருமன் நான்காகவே நீடித்தால் தலைமுறைக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போய்விடும்; பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது கால் பங்குதான். காட்டோரத்தில் நின்று எண்ணுபவருக்கு இரண்டு இடத்திலும் 50 தலைகளே தெரியும்.

1980 இல் அயன் பிராங்க்ளின் என்ற அவுஸ்திரேலிய அறிஞர், அகவிருத்தியின் உடனடித் தீங்கைத் தவிர்க்கப் பயனுறு பருமன் 50 ஆவது வேண்டும், நெடுங்கால இசைவாக்கத் திறனுக்கு 500 வேண்டும் என்று முன்மொழிந்தார். 2014 இல் இதை 100, 1000 என இரட்டிப்பாக்கவேண்டும் என்ற வாதமும் வந்தது. இந்த எண்களைத் தலைக்கணக்காக எடுத்துக்கொண்டு “எங்கள் காட்டில் 60 இருக்கிறது, ஆபத்தில்லை” என்று ஆறுதல் அடைவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிசகு. காட்டு விலங்குகளில் பயனுறு பருமன் தலைக்கணக்கைவிடப் பெரும்பாலும் வெகு சிறியது.

ஆய்வுகூடத்தில் என்னதான் செய்கிறார்கள்?

சிறுத்தையைப் பிடித்து இரத்தம் எடுக்கவேண்டியதில்லை. அதன் எச்சமே போதும். எச்சம் குடலைக் கடந்து வரும்போது குடற்சுவரின் கலங்கள் அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெளிப்படையை மட்டும் மெல்லச் சுரண்டி அற்ககோலில் இடுவார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரையின் மயிரும் எலும்பும். அதைக் கலந்தால் சிறுத்தைக்குப் பதிலாக மரையின் அல்லது தோட்டத்து நாயின் டி.என்.ஏ. வந்துசேரும். மலையகத்தில் பெரிய எதிரி மழை. நனைந்து கரைந்த எச்சத்தில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும் என்பதால் புதியதாகக் கிடைப்பதே பயன்படும். தவளைக்கு வாயிலோ தோலிலோ பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல் போதும். எதை எடுப்பதற்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின், இடத்தைப் பொறுத்து வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின், அனுமதி வேண்டும்.

பிரித்தெடுத்த டி.என்.ஏ. மிகச் சிறிதளவே இருக்கும். கொவிட் காலத்தில் வீடுதோறும் பழகிப்போன பி.சி.ஆர். முறையால் வேண்டிய பகுதிகளைக் கோடிக்கணக்கில் படியெடுப்பார்கள். இங்கே ஒரு சிறிய ஒழுங்கு உண்டு: மாதிரி எதுவும் இடாத ஒரு குழாயையும் மற்றக் குழாய்களோடு தொடக்கம் முதல் இறுதிவரை சேர்த்தே நடத்துவார்கள். அந்த வெற்றுக் குழாயில் டி.என்.ஏ. தென்பட்டால் எங்கோ கலப்பு நேர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைய வேலை முழுவதும் குப்பைக்குப் போகும். பிறகு ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடும் பகுதிகளை ஒப்பிட்டால், இந்த எச்சமும் அந்த எச்சமும் ஒரே விலங்கினுடையவையா, இரண்டு விலங்குகள் தாயும் பிள்ளையுமா, இரண்டு காடுகளுக்கிடையே போக்குவரத்து இருந்திருக்கிறதா என்பவற்றைச் சொல்லமுடியும். பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் பயிலும் வழிமுறைகள் இவைதான். ஒரு விலங்கைப் போலவே இன்னொரு விலங்கை உருவாக்கும் படியாக்கத்துக்கும் (குளோனிங்) இதற்கும் சம்பந்தமில்லை.

வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டால்?

விட்டுப் பார்த்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமாக்கள் 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. வால் முறுக்கிய குட்டிகள், விதை (விந்துச் சுரப்பி) இறங்காத ஆண்கள், இதயத்தில் துளை என அகவிருத்தியின் அடையாளங்கள் தென்பட்டன. 1995 இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து குட்டி ஈன்றன. சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கானது, குறைபாடுகளும் குறைந்தன. மறுபுறம், ஐல் ரோயலுக்கு 1997 இல் ஓர் ஆண் ஓநாய் தானாகவே பனிக்கட்டியைக் கடந்து வந்தது. முதலில் நன்மைதான் விளைந்தது. நாளடைவில் எல்லாமே அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆகிவிட, மறுபடியும் உறவுக்குள் இணைதல் தொடங்கியது. ஒருமுறை வந்த ஒரே ஒரு விருந்தாளி போதாது.

கொண்டுவருவது யாரை என்பதும் முக்கியம். ஹோட்டன் சமவெளி, நுவரெலியா முகிற்காடுகளில் கோபோட்டிஸ் என்ற சிறிய ஓணான் வகை இருக்கிறது. பாசி படிந்த கிளையில் ஆமைபோல நகரும். முட்டையிடாமல் குட்டி ஈனும். நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் அதே இனம்தான் இருக்கிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நக்கிள்ஸில் வாழ்வது தனி இனம் என்று 2006 இல் விபரிக்கப்பட்டது. இரண்டு மலைகளுக்கும் இடையே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிர்க்காட்டு ஓணானுக்கு அது கடலுக்குச் சமம். அங்கே எண்ணிக்கை குறைகிறது என்று இங்கிருந்து பிடித்துப்போய் விட்டிருந்தால் உதவியாக இருந்திருக்காது, இரண்டு இனங்களைக் கலக்கும் வேலையாகவே முடிந்திருக்கும். இடம்மாற்றும் எண்ணம் எழுந்தால், முதலில் உறவுமுறையை ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது இதனால்தான்.

பாதை திறந்திருந்தால்

இடம்மாற்றுவதைவிட மலிவான வழி, விலங்குகள் தாமே போய்வரும் பாதையை அடைக்காமல் விடுவது. ஒரு குடித்தொகையின் எதிருருக்கள் இப்படி மற்றொன்றில் சென்று கலப்பதைப் பரம்பரையலகுப் பாய்ச்சல் என்கிறோம். தலைமுறைக்கு ஒன்றிரண்டு விலங்குகள் வந்து வெற்றிகரமாக இனம்பெருக்கினாலே நகர்வின் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம் என்பது இத்துறையின் பழைய கணிப்பு. மலையகத்தில் பாதை என்பது ஓடைக்கரை மரங்களும், தோட்டத்தின் உச்சியில் விட்டுவைத்த காட்டுத் துண்டுகளும்தான். எல்லா விலங்குக்கும் ஒரே பாதை உதவாது. சிறுத்தை இரவில் தேயிலை மலையைக் கடந்துவிடும். புதர்த்தவளைகளில் சில தோட்டத்துச் செடிகளிலேயே வாழ்ந்துகொள்ளும். காட்டின் ஈரலிப்பை விட்டு வராதவற்றுக்கு வெயில் விழும் ஒரு கறுப்புத் தார் வீதியே எல்லை.

சிறுத்தையின் கதையில் சுருக்குக் கம்பி எங்கே வருகிறது என்று இப்போது தெளிவாகச் சொல்லலாம். பெண் குட்டிகள் பெரும்பாலும் தாயின் எல்லைக்கு அருகிலேயே தங்கும். வளர்ந்த ஆண் குட்டிகளே புதிய எல்லை தேடித் தூரம் போகின்றன. காட்டுக்குக் காடு எதிருருக்களைக் கொண்டுசேர்ப்பவை அவைதான். காட்டுப்பன்றிக்காகத் தோட்ட எல்லையில் வைத்த கம்பியின் குறுக்கே நடக்கவேண்டியவையும் அவைதான். அப்படி ஓர் இளம் ஆண் செத்தால் கணக்கேட்டில் ஒன்று குறையும். அது போய்ச் சேரவேண்டிய காட்டில் அந்தத் தலைமுறைக்குரிய கலப்பே நடக்காமல் போகலாம்.

பாதை வேலை செய்கிறதா என்பதைக் கமராப் பொறி பாதிதான் சொல்லும். ஒரு சிறுத்தை இந்தக் காட்டிலும் பிறகு அந்தக் காட்டிலும் படத்தில் விழுந்தால், உரோசாப் புள்ளிகளின் அமைப்பை ஒப்பிட்டு அது கடந்துவிட்டது என்று உறுதிசெய்யலாம். அது அங்கே தங்கி இனம்பெருக்கியதா என்பது, சில ஆண்டுகள் கழித்து அந்தக் காட்டில் பொறுக்கிய இளம் விலங்குகளின் எச்சத்தில் அதன் எதிருருக்கள் தென்படும்போதுதான் தெரியவரும்.